சிகாகோல டிசம்பர் ராத்திரி கார் காணாம போனா எங்க தேடுறது, எப்படி மீட்கிறது

தம்பி கேட்டிருக்கிறது சுருக்கமா இதுதான். ஆகஸ்ட்ல கோயம்புத்தூர்லேருந்து சிகாகோ வந்து படிக்கிறார், ரூம்ல மூணு பேர் சேர்ந்து பழைய கொரோலா ஒண்ணு வாங்கியிருக்காங்க, பேப்பர் எல்லாம் ஒரு ரூம்மேட் பேர்ல, அந்த ரூம்மேட் இப்ப லீவுக்கு ஊருக்கு போயாச்சு. ராத்திரி வீட்டுக்கு எதிர்ல மெயின் ரோட்ல நிறுத்தின வண்டி காலைல எட்டு மணிக்கு பார்த்தா இல்ல. டிசம்பர் ஆரம்பம், ஒரு துளி பனி கூட விழல. திருட்டு போயிடுச்சா, போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுக்கணுமா, இன்சூரன்ஸ்ல சொல்லணுமா?

எதுவும் வேணாம், முதல்ல ஒரு டீ குடிங்க. டிசம்பர் மாசம், சிகாகோ, மெயின் ரோடு, ராத்திரி. இந்த நாலும் சேர்ந்தா திருடன் இல்ல, மாநகராட்சிதான். உங்க வண்டியை தூக்கிட்டு போயிருக்காங்க. சிட்டி வெப்சைட்ல வண்டியை தேடுறதுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு, நம்பர் பிளேட்டை போட்டா எந்த பவுண்ட்ல (தூக்கின வண்டிங்களை அடைச்சு வைக்கிற இடம்) இருக்குன்னு காட்டும், இல்லன்னா சிட்டியோட உதவி நம்பர் 311க்கு போன் பண்ணி பிளேட் நம்பர் சொன்னாலும் போதும். தூக்கின உடனே லிஸ்ட்ல ஏறாது, கொஞ்ச நேரம் ஆகும், அதனால ஒரு தடவை போட்டு வரலைன்னா ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி போடுங்க. அப்பவும் எங்கயும் இல்லன்னாதான் போலீஸ். போலீஸுக்கு போனாலும் அவங்க முதல்ல பார்க்கிறது டோ லிஸ்ட்தான், அதாவது தூக்கின வண்டிங்க லிஸ்ட்.

இப்ப விஷயத்துக்கு வரேன். சிகாகோல குளிர்காலத்துக்கு ரெண்டு தனித்தனி பார்க்கிங் தடை இருக்கு, புதுசா வர்றவங்க ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறதுலதான் பாதி பேர் மாட்டுறாங்க. உங்க வண்டியை தூக்கினது முதல் தடை, அதாவது ராத்திரி பார்க்கிங் தடை. டிசம்பர் 1லேருந்து ஏப்ரல் 1 வரைக்கும் தினமும் விடிகாலை 3 மணிலேருந்து 7 மணி வரைக்கும் குறிப்பிட்ட சில மெயின் ரோடுகள்ல வண்டி நிக்கக்கூடாது. மொத்தம் 107 மைல் நீளத்துக்கு இந்த தடை, கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். பனி விழுந்தாலும் சரி விழலைன்னாலும் சரி, வெயில் அடிச்சு மக்கள் டி-ஷர்ட்ல சுத்தினாலும் சரி, 3 மணிக்கு வண்டி அங்க நின்னா தூக்குவாங்க. ஆக வானத்தை பார்க்காதீங்க, காலண்டரை பாருங்க, கம்பத்துல இருக்கிற போர்டை பாருங்க. நவம்பர் 30 ராத்திரி தூங்கப் போறவங்க நிறைய பேர் இதை மறந்துடுவாங்க, அதனாலதான் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 1 அன்னைக்கு உள்ளூர் நியூஸ்ல முதல் ராத்திரி எத்தனை வண்டி தூக்கினாங்கன்னு ஒரு செய்தி கண்டிப்பா வரும், பல வருஷம் அது 200ஐ தாண்டியிருக்கு.

பனியே இல்லாதப்ப எதுக்குய்யா தூக்குறீங்கன்னு நீங்க கேக்கலாம், இந்த ஊர்க்காரங்களே வருஷா வருஷம் கேக்குற கேள்விதான் அது. சிட்டி சொல்ற பதில்: பனி வர்ற அன்னைக்கு ராத்திரி திடீர்னு மைக்ல கத்தினா யாரும் எழுந்து வந்து வண்டி எடுக்க மாட்டாங்க, ஆனா நாலு மாசமும் தினமும் அந்த இடம் காலியா இருக்கும்னு பழக்கிட்டா, எந்த ராத்திரி கொட்டினாலும் ஐஸ் கரைய உப்பு தூவுற வண்டியும் பனி வழிக்கிற வண்டியும் ஓரம் வரைக்கும் ஒழுங்கா வழிச்சுட்டு போலாம், காலைல பஸ், ஆம்புலன்ஸ், ஃபயர் வண்டி எல்லாம் ஓடும். 1999லயும் 2000லயும் வந்த பெரிய பனிப்புயல்களுக்கு அப்புறம் கொண்டு வந்த ஏற்பாடு இது. எனக்கு என்னமோ இதுல பாதி நியாயம் இருக்கு, பாதி வசூல் இருக்குன்னுதான் தோணுது. பனி வர்ற நாள்ல தூக்குறது நியாயம், பத்து நாளா காஞ்சு கிடக்கிற ரோட்ல தூக்குறது பழக்கப்படுத்துறதுக்காக மட்டும்தான்னு நம்ப கொஞ்சம் கஷ்டமா இருக்கு. ஆனா அதை பவுண்ட் கவுன்ட்டர்ல சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல.

இந்த ஊர் பனி விஷயத்துல ஏன் இவ்வளவு கறாரா இருக்குன்னு புரியணும்னா கொஞ்சம் பழைய கதை தெரியணும். 1967 ஜனவரி 26, 27ல ஒரே புயல்ல 23 இஞ்ச் பனி கொட்டுச்சு, ஏறக்குறைய ரெண்டு அடி. ரோட்ல போய்க்கிட்டிருந்தவங்க அப்படியே வண்டியை விட்டுட்டு நடந்து போயிட்டாங்க, சுமார் 50,000 கார், 800 பஸ் நடு ரோட்ல அனாதையா நின்னுச்சு. வண்டி நின்னா வழிக்க முடியாது, வழிக்க முடியலைன்னா வண்டியை எடுக்க முடியாது, அந்த முடிச்சை அவிழ்க்க நாள் கணக்குல ஆச்சு. அப்புறம் 1979 ஜனவரி. ஏற்கனவே கிடந்த பனி மேல இன்னொரு ஒன்றரை அடிக்கு மேல விழுந்துச்சு. அப்ப மேயர் மைக்கேல் பிலாண்டிக். ஸ்கூல் பார்க்கிங் இடங்களை எல்லாம் வழிச்சு வெச்சாச்சு, உங்க காரை அங்க கொண்டு போய் விடுங்கன்னு ஜனங்களுக்கு சொன்னார், போய் பார்த்தா அங்க வழிக்கவே இல்ல. ரயில் வேற கறுப்பின மக்கள் வாழ்ற பகுதி ஸ்டேஷன்கள்ல நிக்காம போச்சு, அந்தக் கோபம் தனி. பிப்ரவரி 27 கட்சிக்குள்ள நடந்த வேட்பாளர் தேர்தல்ல ஜேன் பைர்ன்கிட்ட தோத்தார், அந்தம்மாதான் சிகாகோவோட முதல் பெண் மேயர். தோத்ததுக்கு வேற காரணமும் இருக்கு, ஆனா பனி வழிக்கல, பதவி போச்சுங்கிறதுதான் ஊர்ப்பேச்சு. அதுக்கப்புறம் வந்த எந்த மேயரும் பனியை சாதாரணமா எடுத்துக்கிட்டதில்ல. 2011 பிப்ரவரில 21 இஞ்சுக்கு மேல கொட்டினப்ப லேக் ஷோர் டிரைவ்ல நூத்துக்கணக்கான கார் ராத்திரி முழுக்க மாட்டிக்கிட்டு, ஜன்னல் உயரத்துக்கு பனி ஏறி நின்ன போட்டோ இன்னைக்கும் தேடினா கிடைக்கும். ஒரு தடவை பாருங்க, உங்க கொரோலா மேல கோபம் கொஞ்சம் குறையும்.

சரி, மீட்கிற வேலை. முதல்ல பணம். டோ பண்ணதுக்கு 150 டாலர், பார்க்கிங் டிக்கெட், அதாவது அபராதம், 60 டாலர், பவுண்ட்ல நிறுத்தி வெச்சிருக்கிறதுக்கு ஒரு நாளைக்கு 25 டாலர். ஆக முதல் நாளே 235 டாலர், நம்ம ஊர் காசுக்கு இருபதாயிரம் பக்கம் வந்துடும். இதுல நாள் வாடகைதான் ஆளைக் கொல்றது, சில நாள் தாண்டினா அந்த ரேட்டும் ஏறும். எக்ஸாம் முடியட்டும், வீக்கெண்ட் போலாம், ரூம்மேட் வந்ததும் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடுறதுதான் பசங்க பண்ற பெரிய தப்பு. ஆயிரத்து ஐநூறு டாலர் பெறாத வண்டிக்கு வாடகை மட்டும் நானூறு ஐநூறு கட்டினவங்க உண்டு. ரொம்ப நாள் யாரும் வரலைன்னா நோட்டீஸ் அனுப்பிட்டு வண்டியை காயலான் கடைக்கு போட்டுடுவாங்க, சட்டப்படி அவங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கு.

இன்னொண்ணு, பழைய டிக்கெட் பாக்கி இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பிளேட் நம்பர் போட்டு பார்த்துடுங்க. மூணு பேர் ஓட்டுற வண்டி, எவன் எங்க நிறுத்தி என்ன டிக்கெட் வாங்கி டேஷ்போர்டுல சொருகி வெச்சான்னு யாருக்கு தெரியும். இந்த ஊர்ல தீர்ப்பான மூணு டிக்கெட் கட்டாம இருந்தாலோ, இல்ல ஒரு வருஷத்துக்கு மேல பழசா ரெண்டு இருந்தாலோ சக்கரத்துல பூட்டு போடுற லிஸ்ட்ல வண்டி ஏறிடும். அந்த நிலைமைல பவுண்ட்ல போய் நின்னா இன்னைக்கு டோ காசு மட்டும் குடுத்து வெளிய வர முடியாது, பழைய பாக்கிக்கும் வழி பண்ணணும். மொத்தமா கட்ட முடியலைன்னா தவணைல கட்டுற திட்டம் இருக்கு, அதை முதல்லயே ஆன்லைன்ல போட்டுட்டு போறது நல்லது.

அடுத்து பேப்பர். இங்கதான் உங்க கேஸ் கொஞ்சம் சிக்கல். சாதாரணமா கேக்கிறது ஓனரோட லைசென்ஸ், வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் இல்லன்னா டைட்டில் (வண்டி யாருக்கு சொந்தம்னு சொல்ற பத்திரம்), இன்சூரன்ஸ். ஓனர் வரலைன்னா, இன்னார்கிட்ட என் வண்டியை குடுங்கன்னு அவர் எழுதி நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்ட லெட்டர் வேணும், கூட அவரோட ஐடி காப்பி. உங்க ரூம்மேட் ஊர்ல இருக்கார், வாட்ஸாப்ல நான் ஓனர்தான், குடுத்துடுங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்பினா அங்க யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா வழி இல்லாம இல்ல. வீடியோ கால்லயே நோட்டரி பண்ற சர்வீஸ் அமெரிக்காவுல இப்ப நிறைய இருக்கு, அவர் ராத்திரி முழிச்சிருந்து பாஸ்போர்ட் காட்டி ஒரு அரை மணி நேரத்துல முடிக்கலாம். அந்த மாதிரி லெட்டரை ஏத்துக்குவீங்களா, யார் பேருக்கு எப்படி எழுதணும்னு பவுண்டுக்கு போன் பண்ணி கேட்டு, பேசினவங்க சொன்னதை அப்படியே குறிச்சு வெச்சுக்கிட்டு, அப்புறம் லெட்டர் போடுங்க. முதல்ல லெட்டர் போட்டுட்டு அப்புறம் கேட்டா ரெண்டு வேலை. இனிமே மூணு பேர் சேர்ந்து வண்டி வாங்குறவங்க டைட்டில்ல ரெண்டு பேரையாவது சேர்த்துடுங்கப்பா, ஒருத்தர் ஊருக்கு போனா இன்னொருத்தர் கையெழுத்து போடலாம்.

ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு காருக்குள்ளயே கிளவ் பாக்ஸ்ல இருக்குமே, காரு அவங்ககிட்ட இருக்குமேன்னு நிறைய பேர் முழிப்பாங்க. கவுன்ட்டர்ல அதைச் சொல்லுங்க, சாவி கையில இருந்தா போய் எடுத்துட்டு வர விடுவாங்களான்னு கேட்டுப் பாருங்க. இன்சூரன்ஸ் ஆப்ல இருக்கிறதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, அங்க போய் லாகின் பாஸ்வேர்டு தேடிக்கிட்டு நிக்காதீங்க.

ராத்திரி தடைல தூக்கின வண்டி பெரும்பாலும் ரெண்டு பவுண்ட்ல ஒண்ணுக்கு போகும். ஒண்ணு 701 நார்த் சாக்ரமென்டோ, மேற்கு பக்கம், சிகாகோ அவென்யூல ஓடுற 66 பஸ்ஸுல போய் இறங்கி நடந்துடலாம். இன்னொண்ணு 10300 சவுத் டோட்டி, அது ஊரோட தெற்குக் கோடி, பிஷப் ஃபோர்ட் ஹைவே ஓரம், வடக்கு பக்கம் இருக்கிறவங்களுக்கு ஊர் விட்டு ஊர் போற தூரம். அங்க ரயில்ல போய் இறங்கி நடக்கலாம்னு நினைக்காதீங்க, குளிர்ல உறைஞ்சுடுவீங்க, ஃப்ரெண்டு யார்கிட்டயாவது கார் இருந்தா கூட்டிட்டு போங்க இல்லன்னா டாக்ஸி. எந்த பவுண்ட்னு வெப்சைட்ல சரியா பார்த்துட்டு கிளம்புங்க, ஒண்ணுக்கு போய் இது இங்க இல்ல அங்கன்னு திரும்பினா ஒரு நாள் வாடகை எக்ஸ்ட்ரா.

பவுண்ட் எப்படி இருக்கும்னா, சுத்தி கம்பி வேலி, ஒரு சின்ன ஆபீஸ், கனமான கண்ணாடிக்கு பின்னாடி ஆளுங்க, கீழ ஒரு சந்து வழியா பேப்பர் தள்ளணும். டிசம்பர் முதல் வாரம் காலைல போனீங்கன்னா வரிசைல நிக்கிறவங்க பாதி பேர் நைட் பேன்ட் மேல பெரிய கோட்டை மாட்டிக்கிட்டு வந்திருப்பாங்க, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஸ்நோவே இல்லையேன்னு சொல்லிட்டே இருப்பாங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மா அதை அன்னைக்கு நாப்பதாவது தடவையா கேட்டுட்டு முகத்துல ஒண்ணும் காட்டாம லைசென்ஸ்னு மட்டும் சொல்வாங்க. அவங்ககிட்ட சண்டை போடாதீங்க. அவங்க தூக்கவும் இல்ல, அவங்களால குறைக்கவும் முடியாது. நம்ம ஊர்ல மேயப்போன மாட்டை பவுண்டுல அடைச்சுட்டா தண்டம் கட்டி ஓட்டிட்டு வர்ற மாதிரிதான் இதுவும், அங்க காவல்காரன்கிட்ட சட்டம் பேசி என்ன ஆகப்போகுது. கார்டு எடுத்துக்குவாங்க, பணமும் கட்டலாம், பர்சனல் செக் வேணாம்.

கட்டி முடிச்சு ரசீது வாங்கினதும் வண்டி நிக்கிற வரிசை நம்பர் சொல்வாங்க. நேரா ஏறி உக்காந்து ஓட்டிட்டு வெளிய வந்துடாதீங்க. இது ரொம்ப முக்கியம். கேட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாருங்க, முன் பம்பர் கீழ, சக்கரத்துக்கிட்ட, கண்ணாடி, கதவு. போன்ல வீடியோ எடுங்க, டேஷ்போர்டு, உள்ள இருந்த சாமான் எல்லாம். ஏதாவது அடி பட்டிருந்தா அங்கயே ஆபீஸ்ல சொல்லி எழுத்துல பதிவு பண்ணிட்டு வாங்க, வெளிய வந்துட்டா அது உங்க வண்டில முன்னாடியே இருந்ததுன்னுதான் சொல்வாங்க. நியூட்ரல் போடாம இழுத்திருந்தா கியர்பாக்ஸ் அடி வாங்கியிருக்கலாம், மெதுவா ஒரு ரவுண்டு உருட்டிப் பார்த்து காதைக் குடுத்து கேளுங்க. பழைய வண்டின்னா குளிர்ல பேட்டரி செத்திருக்கவும் சான்ஸ் இருக்கு, ஜம்பர் கேபிள் ஒண்ணு கையோட கொண்டு போனா புண்ணியம்.

லிஸ்ட்ல தேடுறப்ப பவுண்ட் பேருக்கு பதிலா வேற ஒரு தெரு பேர் வந்தா பயப்படாதீங்க, சந்தோஷப்படுங்க. பனி கொட்டுற சமயத்துல, இல்ல ஏதாவது ரோட்டு வேலைக்காக, வண்டியை பவுண்டுக்கு கொண்டு போகாம பக்கத்து தெருவுல நகர்த்தி விட்டுட்டு போறதும் உண்டு. வீட்டை சுத்தி நாலு தெரு நடந்து பார்த்தாலே சில சமயம் கிடைச்சுடும். அதே மாதிரி மெயின் ரோட்ல இல்லாம ஏதாவது கடை பார்க்கிங்லயோ அபார்ட்மென்ட் லாட்லயோ நிறுத்தியிருந்தா அது சிட்டி இல்ல, தனியார் டோ கம்பெனி. அது சிட்டி லிஸ்ட்ல தேடினா வராது, அந்த லாட்ல மாட்டியிருக்கிற போர்டுல கம்பெனி பேரும் நம்பரும் இருக்கும், அங்கதான் கூப்பிடணும். அவங்க சரியா நடந்துக்கலைன்னா இல்லினாய்ஸ் காமர்ஸ் கமிஷன்ல புகார் குடுக்கலாம், தனியார் டோ கம்பெனிகளை கண்காணிக்கிறது அவங்க வேலை.

எதிர்த்து வாதாடலாமான்னா, தாராளமா. சிட்டிக்கு இதுக்குன்னே தனி நிர்வாக விசாரணைத் துறை இருக்கு, டிக்கெட்டுக்கு தனியா டோவுக்கு தனியா ஹியரிங் கேக்கலாம், கெடு தேதி அவங்க குடுக்கிற பேப்பர்லயே போட்டிருக்கும், அதைத் தவற விட்டுடாதீங்க. ஆனா எந்த வாதம் எடுபடும்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க. பனி இல்லங்கிறது வாதமே இல்ல, சட்டத்துல பனிங்கிற நிபந்தனையே கிடையாது. நான் ஊருக்கு புதுசு, தெரியாதுங்கிறதும் எடுபடாது. அந்த பிளாக்ல (ரெண்டு குறுக்குத் தெருவுக்கு நடுவுல இருக்கிற பகுதி) போர்டே இல்ல, இருந்த போர்டு மரக்கிளைல மறைஞ்சிருந்துச்சு, கம்பம் சாஞ்சு கிடந்துச்சு, டிக்கெட்ல பிளேட் நம்பரோ இடமோ தப்பா இருக்கு, இந்த மாதிரி இருந்தா நிக்கும். அதனால இன்னைக்கே போய் வண்டி நின்ன இடத்துலேருந்து பிளாக்கோட ரெண்டு முனை வரைக்கும் நடந்து ஒவ்வொரு கம்பத்தையும் போட்டோ எடுங்க, போர்டு எதிர்பக்கம் பார்த்து மாட்டியிருந்தா அதையும் எடுங்க. நாளைக்கு சிட்டி வந்து புது போர்டு மாட்டிட்டா உங்க கேஸ் போச்சு. ஹியரிங் வரைக்கும் வண்டியை எடுக்காம விட்டு வெக்காதீங்க, பணத்தை கட்டி எடுத்துட்டு அப்புறம் சண்டை போடுங்க, ஜெயிச்சா காசு திரும்ப வரும்.

இனி ரெண்டாவது தடை, இது உங்களுக்கு ஜனவரில தேவைப்படும். ரோட்ல ரெண்டு இஞ்ச் பனி சேர்ந்துச்சுன்னா சுமார் 500 மைல் மெயின் ரோட்ல பார்க்கிங் கூடாது, இதுக்கு மாசம் தேதி நேரம் எதுவும் கிடையாது. மத்தியானம் ரெண்டு மணிக்கு ரெண்டு இஞ்ச் ஆச்சுன்னாலும் அமல்படுத்தலாம், டிக்கெட் போடலாம், தூக்கலாம். நடைமுறைல இதை ஒவ்வொரு தடவையும் பிடிச்சு அமல்படுத்துறதில்ல, அதனாலயே மக்களுக்கு அலட்சியம் வந்துடுது. இதுக்கும் தெருவுல நிரந்தரமா போர்டு இருக்கும், ரெண்டு இஞ்சுன்னு எழுதியிருக்கும். ஒரே ரோட்ல ரெண்டு போர்டும் இருக்கலாம். மீட்டருக்கு காசு கட்டியிருக்கேனேன்னு நினைக்காதீங்க, மீட்டர் காசு கட்டினது இடத்துக்கு வாடகை, தடைலேருந்து விடுதலை இல்ல. மீட்டர் சங்கதியே தனி வயித்தெரிச்சல், 2008ல அதை 75 வருஷத்துக்கு 115 கோடி டாலருக்கு தனியாருக்கு குத்தகைக்கு விட்டுட்டாங்க, அதைப் பத்தி யார்கிட்டயாவது ஆரம்பிச்சீங்கன்னா ராத்திரி விடிஞ்சுடும்.

அப்ப எங்கதான் நிறுத்துறது? உள் தெரு. வீடுங்க இருக்கிற சின்ன தெருக்கள்ல இந்த ரெண்டு தடையும் பெரும்பாலும் கிடையாது, பெர்மிட் ஜோன் போர்டு, அதாவது பெர்மிட் வெச்சிருக்கிறவங்க மட்டும் நிறுத்தலாம்ங்கிற போர்டு, இருக்கான்னு மட்டும் பாருங்க. சிட்டி ஸ்டிக்கர் (இந்த ஊர்ல வண்டி வெச்சிருக்கிறவங்க சிட்டிகிட்ட காசு கட்டி வாங்குறது) ஒட்டாம வெச்சிருந்தீங்கன்னா அதுக்கு 200 டாலர் டிக்கெட் தனி, மூணு பேர் பிரிச்சு வாங்கி முதல்ல அதை ஒட்டுங்க. உள் தெருவுல வேற மாதிரி தொல்லை. சிகாகோல லேன் லேனா அளந்தா 9,000 மைலுக்கு மேல ரோடு இருக்கு, பனி வழிக்கிற பிளவ் வண்டிங்க முதல்ல மெயின் ரோட்டை முடிச்சுட்டுதான் உள்ள வரும், பெரிய பனின்னா ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும். வந்து வழிச்சுட்டு போறப்ப ரோட்டுப் பனியை எல்லாம் உங்க கார் பக்கமா தள்ளிட்டு போகும், முட்டளவு உயரத்துக்கு வரப்பு மாதிரி நிக்கும், ராத்திரில அது கல்லா இறுகிடும். ஒரு ஷவல் வாங்கி வீட்டுக்குள்ள வைங்க, டிக்கிக்குள்ள வெச்சா டிக்கியைத் திறக்கவே இன்னொரு ஷவல் வேணும். இந்த பிளவ் வண்டிங்களுக்கு வருஷா வருஷம் போட்டி வெச்சு பேர் வைக்கிறாங்க, வால்டர் பேட்டன்னு இந்த ஊர் ஃபுட்பால் வீரர் ஒருத்தர், அவர் பேரை மாத்தி உப்பு தூவுற வண்டிக்கு சால்ட்டர் பேட்டன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. எந்த வண்டி எங்க போகுதுன்னு ஆன்லைன் மேப்ல நேரடியா பார்க்கலாம், பனி கொட்டுற ராத்திரி தூக்கம் வரலைன்னா நல்ல பொழுதுபோக்கு.

பனில மூடிக்கிடக்கிற ஃபயர் ஹைட்ரன்ட்டை கவனிங்க. ரெண்டு பக்கமும் 15 அடி விடணும், பனிக்குள்ள மறைஞ்சு இருந்துச்சு தெரியலைன்னு சொன்னாலும் 150 டாலர்தான். இடம் காலியா இருக்கேன்னு சந்தோஷமா சொருகுறதுக்கு முன்னாடி, இவ்வளவு நெரிசல்ல இது மட்டும் ஏன் காலியா இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ஒண்ணு அங்க ஹைட்ரன்ட் இருக்கும், இல்ல ரெண்டு பழைய நாற்காலி இருக்கும். நாற்காலின்னா அது டிப்ஸ். காசு டிப்ஸ் இல்ல, இந்த ஊர் வழக்கம், ஒருத்தர் முதுகு ஒடிய வெட்டி எடுத்த இடத்துல உடைஞ்ச சேர், இஸ்திரி பலகை, பக்கெட் எதையாவது வெச்சுட்டு ஆபீஸ் போயிருப்பார், அது அவர் இடம். சட்டப்படி பொது ரோட்ல யாருக்கும் அப்படி இடம் பிடிக்க உரிமை கிடையாது, சில நாள் போனதும் சிட்டியே வந்து அந்த சாமானை எல்லாம் அள்ளிட்டு போகும். ஆனா பெரிய பனி விழுந்த முதல் ரெண்டு மூணு நாள் அந்த நாற்காலியை நகர்த்தி நிறுத்தாதீங்க. காலைல வந்து பார்த்தா டயர்ல காத்து இருக்காது, இல்ல கார் மேல தண்ணி ஊத்தி ஐஸ் ஆக்கி வெச்சிருப்பாங்க. சட்டம் உங்க பக்கம், டயர் அவங்க பக்கம்.

இதெல்லாம் சிகாகோ எல்லைக்குள்ள மட்டும். எல்லைத் தெருவைத் தாண்டினா வேற சட்டம். பக்கத்துலயே ஓக் பார்க்ல வருஷம் முழுக்க ராத்திரி 2:30லேருந்து 6 வரைக்கும் தெரு பார்க்கிங் கிடையாது, டிசம்பர் ஜூன் பேதமே இல்ல. மினியாபொலிஸ்ல இருக்கிற நண்பர்களுக்கு இன்னும் தலைசுத்தல், அங்க ஸ்நோ எமர்ஜென்சி அறிவிச்சா மூணு நாள் கணக்கு: முதல் ராத்திரி 9 மணிலேருந்து மெயின் ரூட்ல ரெண்டு பக்கமும் கூடாது, ரெண்டாம் நாள் மத்த தெருவுல இரட்டைப்படை நம்பர் பக்கம் கூடாது, மூணாம் நாள் ஒற்றைப்படை பக்கம். நம்ம ஈழத்து சொந்தங்கள் நிறைய பேர் இருக்கிற மாண்ட்ரியல்ல அணுகுமுறையே வேற, பனி அள்ளப் போறோம்னு ஆரஞ்சு போர்டு வைப்பாங்க, தூக்குறதுக்கு முன்னாடி தெருவுல சைரன் ஊதிட்டு வருவாங்க, தூக்கினாலும் பவுண்டுக்கு கொண்டு போகாம பக்கத்துத் தெருவுல விட்டுட்டு டிக்கெட் சொருகிட்டு போவாங்க. சைரன் கேட்டதும் சட்டை மாட்டாமகூட ஓடி வந்து வண்டி எடுக்கிறவங்க கதை அங்க வீட்டுக்கு ஒண்ணு இருக்கும். இந்த விஷயத்துல மாண்ட்ரியல்காரங்க கெட்டிக்காரங்கன்னுதான் சொல்வேன், வேலை நடக்கணும்னா வண்டி நகர்ந்தா போதும், அதை முப்பது கிலோமீட்டர் தள்ளி கொண்டு போய் அடைச்சு வைக்கணும்னு என்ன அவசியம்?

தம்பிக்கு கடைசியா ஒண்ணு. வண்டியை மீட்டு எடுத்துட்டு வந்து களைப்புல இன்னைக்கு ராத்திரி மறுபடி அதே மெயின் ரோட்ல கொண்டு போய் நிறுத்திடாதீங்க. ஒரு தடவை தூக்கினா அடுத்த தடவை விடுவாங்கன்னு சலுகை எல்லாம் இல்ல, ஒரே வாரத்துல ரெண்டு தடவை பவுண்டுக்கு போன ஆள் எனக்கே தெரிஞ்சு உண்டு. மூணு பேர் போன்லயும் ராத்திரி பத்து மணிக்கு அலாரம் வைங்க, யார் கடைசியா ஓட்டினாங்களோ அவங்க வண்டி நிக்கிற தெரு போர்டை போட்டோ எடுத்து குரூப்ல போடணும்னு ரூல் வைங்க. ஏப்ரல் 1க்கு அப்புறமும் அந்த ரூலை எடுத்துடாதீங்க, அன்னைக்கு ராத்திரி தடை முடியும், அதே கையோட தெரு பெருக்குற சீசன் தொடங்கிடும், அதுக்கு வேற போர்டு, மரத்துல கட்டின ஆரஞ்சு கலர் பேப்பர்ல ஒரு நாள் முன்னாடிதான் வரும்.